சூடு தெரியாத கை

சென்ற மாதம் எங்கள் சபைப் பகுதியில் புதிதாகச் சேர்ந்த ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி நாள் நடந்தது. ஓய்வு பெற்றவர்களின் ஞாபகம் இப்படியான நாட்களில்தான் எல்லோருக்கும் வரும். நோயாளர் சந்திப்பைப் பற்றிக் கதைக்க எனக்குப் பத்து நிமிடம் தந்திருந்தார்கள். நான் வாயைத் திறக்குமுன்பே முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

“அக்கா, முப்பத்தொரு வருசம் நோயாளிகளுக்காக ஜெபிச்சிருக்கீங்க. உங்கட கையால எத்தினை பேர் சுகமாகியிருப்பாங்க?”

“என்ட கையாலயா? ஒருத்தரும் இல்ல,” என்றேன்.

மண்டபம் சப்பென்று போய்விட்டது. இந்த அம்மாவை ஏன் கூப்பிட்டோம் என்று ஏற்பாட்டாளர் யோசிப்பது அவர் முகத்தில் தெரிந்தது. இப்போதெல்லாம் போனில் ஜெபக் குழுக்கள் இருக்கின்றன. காலையில் “தலையிடிக்கு ஜெபியுங்கள்” என்று ஒரு குரல் பதிவு வரும். நான் தேத்தண்ணீரைக் குடித்து முடிக்குமுன் “சுகம் கிடைத்தது, ஸ்தோத்திரம்” என்று இன்னொன்று வரும். அதில் பழகிய பிள்ளைகளுக்கு என் பதில் அவிசுவாசமாகத்தான் பட்டிருக்கும். பத்து நிமிடத்தில் விளக்க முடியாமல் போனதை ஆறுதலாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வருடம் பயிற்சி இல்லத்தில் படித்தேன். பிறகு மூன்று மாதம் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, படுக்கை விரித்து, தாதி மிஸ்ஸிமாரிடம் ஏச்சு வாங்கினேன். இல்லத்தில் படித்ததில் பாதி மறந்துவிட்டது, வார்ட்டில் படித்தது ஒன்றும் மறக்கவில்லை. அதன்பின் கல்முனைக்கு அனுப்பினார்கள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நன்றாகப் பாடுவேன், நன்றாக ஜெபிப்பேன், தலைக்கனமும் நன்றாகவே இருந்தது.

அங்கே போதகராக இருந்தவர் செல்வநேசன் ஐயா. சிறிய உருவம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டபிறகுதான் ஜெபிக்கத் தொடங்குவார். கோபம் வந்தால் அவருடைய குரல் இறங்கும், கோபம் கூடக் கூட இன்னும் இறங்கும். அவரிடம் ஏச்சு வாங்குவதற்கு நாங்கள்தான் கிட்டப் போய்க் காது கொடுக்க வேண்டும். இடையில் அவர் மாற்றலாகி வேறு ஊர்களுக்குப் போனார், ஓய்வு பெறுவதற்கு முந்திய சில வருடங்களுக்கு மறுபடி எங்களிடமே வந்தார்.

நோயாளி வீட்டுக்குப் போவதற்கு அவரிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். நோயாளியின் தலைமாட்டில் நிற்கக் கூடாது, அவர் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். ஜெபத்துக்கு முன் மூன்று கேள்வி: டொக்டர் என்ன சொன்னவர், இண்டைக்கு என்ன சாப்பிட்டீங்க, துணைக்கு ஆர் இருக்கிறாங்க. மருந்துக் குளிசைகளை வாங்கிப் பார்க்க வேண்டும். தலையில் கை வைக்குமுன் அனுமதி கேட்க வேண்டும். ஜெபம் சுருக்கமாக இருக்க வேண்டும், நோயாளி களைத்துப் போகக் கூடாது. எழும்பும்போது “ஜெபிச்சிருக்கிறம், திரும்பி வாறம்” என்பதோடு நிறுத்திவிட வேண்டும். சுகமாகிவிடும் என்று மட்டும் சொல்லவே கூடாது.

அந்தக் கடைசி விதியை நான் மூன்றாம் மாதமே மீறினேன். பாண்டிருப்பில் ஒரு தாய், ஈரல் பழுதாகிக் கிடந்த தன் இளைய மகனுக்குப் பக்கத்தில் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், “அம்மா, உங்கட மகன் எழும்பி நடப்பார், கர்த்தர் எனக்குக் காட்டினார்,” என்று சொல்லிவிட்டேன். ஒன்பதாம் நாள் அந்த மகன் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தின் பின் ஐயா என்னைக் கூப்பிட்டார். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

“எஸ்தர், அந்த வீட்டுக்குப் போய், நீங்க சொன்னது பிழை எண்டு சொல்லிட்டு வாங்க.”

“ஐயா, நான் விசுவாசத்திலதான் சொன்னன்.”

“ஓம். விசுவாசத்தில சொன்ன பிழை. போய்ட்டு வாங்க.”

போனேன். அந்தத் தாய் என்னைக் குறை சொல்லவில்லை. “நீ சொன்னத நம்பித்தான் மகள், கட்டாரில இருக்கிற மூத்தவன வரச் சொல்லாம விட்டன்,” என்றார். அவ்வளவுதான். அண்ணன் தம்பியின் முகத்தை உயிரோடு பார்க்காமல் போனதற்கு என் வாய்தான் காரணம். நான் வெட்கத்தில் அழுதேன், அவர்தான் எழும்பிப் போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அன்றைக்குப் பிறகு என் ஜெபங்கள் பாதியாகச் சுருங்கிவிட்டன.

ஐயாவின் இன்னொரு விதி சாட்சியைப் பற்றியது. மாதத்தின் மூன்றாம் ஞாயிறு சாட்சி ஞாயிறு, தேவன் தங்களுக்குச் செய்ததை ஆட்கள் சபைக்கு முன் எழும்பிச் சொல்லும் நாள். சுகம் பெற்றேன் என்று எழும்ப விரும்புகிறவர் முதலில் கிளினிக்கில் காட்டிவிட்டு வரவேண்டும். குஷ்டரோகியைச் சுகமாக்கிய இயேசு சுவாமியே, போய் ஆசாரியனிடம் காட்டு என்றுதானே அனுப்பினார் என்பார். “எங்கட ஊரில டொக்டர்தான் ஆசாரியன்.”

சபைச் செயலாளர் சாமுவேல் அண்ணனுக்கு இந்த விதி துண்டறப் பிடிக்காது. அவர் ஆட்டோ ஓட்டுபவர், நல்ல மனுஷர், எதையும் உரத்துச் சொல்லித்தான் பழக்கம். “ஐயா பரலோக வாசலிலயும் ரிப்போட் கேப்பார் போல,” என்று முகத்துக்கு நேரேயே பகிடி பண்ணுவார். ஐயா சிரிப்பார், விதியை மட்டும் விடமாட்டார். கிளினிக்குப் போக ஆளில்லாத வீட்டுக்குச் சபையிலிருந்து ஒருவர் துணைக்குப் போவார், இன்னொரு வீடு சோறு கொடுக்கும். இதையும் ஜெபத்தின் ஒரு பகுதியாகத்தான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்.

இனி றூபியின் கதைக்கு வருகிறேன். அவளுடைய பெயரை மாற்றிப் போடலாமா என்று கேட்டேன். “பேர மாத்தினா அது ஆர்ர சாட்சி?” என்றாள். ஆகவே அவள் பெயரையே எழுதுகிறேன்.

றூபி கணவனை இழந்தவள், நாற்பதைத் தாண்டியவள். பாண்டிருப்புக் கடற்கரையில் கருவாடு போட்டு விற்றுத் தனியே சீவியம் நடத்தினாள். ஆலயத்தில் எப்போதும் கடைசி வரிசையில், கதவடி வாங்கில்தான் இருப்பாள். அங்கே இரு என்று எவரும் சொன்னதில்லை. கருவாட்டு வாசம் அவளுடைய உடுப்பை விட்டுப் போகாது என்பதால், முன்னுக்கு வா என்றும் எவரும் சொன்னதில்லை. பதினைந்து வருடம் அப்படியே போயிருந்தது.

ஐயா இரண்டாவது முறை எங்களிடம் இருந்தபோது ஒரு மாசி மாதத்தில் அறுப்பின் பண்டிகை வந்தது. வரிப்பத்தான்சேனையில் எங்கள் ஆட்களின் வயலுக்குப் பக்கத்து வயல்காரரான ஒரு முஸ்லிம் குடும்பம் வருடா வருடம் அதற்கு ஒரு மூடை அரிசி அனுப்பும். மண்டபத்தின் பின்னால் அந்த அரிசி பெரிய கிடாரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. திடீரென்று அடுப்புக்கல் விலகிக் கிடாரம் சரிந்தது. கிட்ட நின்ற றூபி, கிடாரத்தின் விளிம்பை வெறும் வலது கையால் பிடித்து நிறுத்தினாள். ஆண்கள் ஓடிவந்து தூக்கும்வரை விடவில்லை, முகமும் சுளிக்கவில்லை.

“சுடல்லியா றூபி?” என்று சாமுவேல் அண்ணன் கேட்டார்.

“இல்லயே,” என்றாள்.

“அந்தக் கையில தேவன் இருக்கிறார்,” என்றார் அவர், தெருவுக்கே கேட்கும்படி.

அதற்குப் பிறகு ஒன்றும் எங்கள் கையில் இருக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு தாய் அழுகிற குழந்தையைக் கொண்டுவந்து கை வைக்கச் சொன்னாள். குழந்தை தூங்கிவிட்டது. அடுத்த வாரம் நாலு பேர். பிறகு வீரமுனையிலிருந்து நெற்றியில் திருநீறுடன் தாய்மார் வந்தார்கள். றூபி முன்வரிசையில் இருந்தாள். ஞாயிறுக்கென்று ஒரு நல்ல சேலை எடுத்திருந்தாள், தலை நிமிர்ந்து நடந்தாள். என் கழுத்து உளைவுக்கு நானும் அவள் முன்னால் குனிந்தேன், குறைந்த மாதிரித்தான் இருந்தது. செல்வநேசன் ஐயாவும் தன் முழங்காலைக் காட்டினார். நான் என் கண்ணால் கண்டேன்.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் காலை பத்து மணியளவில் வழக்கமான சந்திப்புக்கு அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் இருந்து கெளுத்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது உள்ளங்கையின் ஓரத்தில் ஒரு கெளுத்தி முள் முறிந்து நின்றது. சுற்றிவரச் சீழ். அந்த முள் குத்தினால் கடலில் பழகிய ஆம்பிளையும் துள்ளுவான்.

“புள்ள, கையில முள்ளு,” என்றேன்.

“எங்க?” என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அப்போதுதான் மற்றவையும் கண்ணில் பட்டன. சின்ன விரல் உள்ளே மடிந்திருந்தது. முழங்கைக்கு மேலே தோல் ஒரு இடத்தில் வெளிறியிருந்தது. வார்ட்டில் ஒரு நாள் காலையில் டொக்டர் எங்களைக் கூட்டி வைத்துக் காட்டித் தந்த சோதனை ஞாபகம் வந்தது. கைப்பையிலிருந்து பேனையை எடுத்தேன்.

“கண்ண மூடு. நான் தொடுற இடத்த மற்றக் கையால தொட்டுக் காட்டு.”

இடது கையில் தொட்டேன். பிசகாமல் காட்டினாள். வலது உள்ளங்கையில் தொட்டேன். பேசாமல் இருந்தாள். மறுபடி தொட்டேன். அழுத்தித் தொட்டேன். அவள் கண்ணை மூடியபடி பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தாள்.

“தொடுங்களன் அக்கா,” என்றாள்.

அவள் கண்ணைத் திறந்தபோது உள்ளங்கையில் மூன்று நீலப் புள்ளிகள் இருந்தன. நெடுநேரம் அவற்றைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியும் அக்கா. மாரி முடியக்குள்ளயே விறைச்சுப் போச்சு. கிடாரம் பிடிச்ச அடுத்த நாள் உள்ளங்கையெல்லாம் கொப்பளம். சீலையால மூடிக்கிட்டுத் திரிஞ்சன்.”

“ஏன் புள்ள சொல்லல்ல?”

“சொன்னா நான் திரும்பக் கதவடிக்குப் போகணும்.”

அவள் சொன்னது முழுதும் உண்மை. கையைக் காப்பாற்றப் போனால் அந்தக் கை கொடுத்த இடம் போய்விடும். இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் கை போய்விடும். முள்ளை எடுத்து, புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு ஐயாவிடம் போனேன்.

ஐயா முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் ஜெபிக்கவில்லை. நான் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“சுகம் கிடைச்சது எண்ட வருத்தக்காரர் எல்லாரையும் காட்டிட்டு வாங்க எண்டு சொன்னம். சுகமாக்கிறவ எண்டு நாங்களே பேர் வெச்ச பிள்ளையக் காட்டச் சொல்லல்ல,” என்றார். “விதியில ஓட்டை இருந்திருக்கு. அந்த ஓட்டையால நானும் என்ட முழங்கால நீட்டியிருக்கிறன்.” அந்த ஏச்சு முழுவதும் அவருக்கே. பிறகு றூபியிடம், “மகள், நாளைக்கு நாங்க மூண்டு பேரும் போவம்,” என்றார்.

அடுத்த நாள் விடியலில் பள்ளிவாசலில் சுபஹு பாங்கு சொல்லி முடியும்போதே நான் கிளினிக் வரிசையில் இடம் பிடித்து நின்றேன். தோல் கிளினிக்கில் டொக்டர் நஸீமா இருந்தார். இளம் வயது, கையும் வாயும் வேகம். றூபியின் முழங்கையைத் தடவி நரம்பைப் பிடித்துப் பார்த்தார். மெல்லிய நைலோன் நூல் ஒன்றால் பத்து இடத்தில் தொட்டார். றூபி ஒன்றையும் காட்டவில்லை. டொக்டர் சுற்றி வளைக்கவில்லை.

“இது தொழுநோய் அக்கா. மருந்திரிக்கி. ஒரு வருசம் குடிக்கோணும், ஒரு மாசமும் உடப்படாது. நரம்புக்கு வேற குளிசை தாறன்.”

“நான் பச்சப் பிள்ளைகளையெல்லாம் தொட்டிருக்கிறன் டொக்டர்,” என்றாள் றூபி. தன் கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“கை வெச்சதால வாறதில்ல. கனகாலம் ஒண்டா இருந்தவங்களத்தான் நாங்க சோதிச்சுப் பாக்கிற. மருந்து தொடங்கினாப் பிறகு உங்களால ஒருத்தருக்கும் பரவாது. பயப்படாதீங்க.”

“கை திரும்புமா?” இதைக் கேட்டது நான்.

“விறைச்சு ஆறு மாசத்துக்குள்ள வந்தா அநேகமாத் திரும்பும். நீங்க விளிம்பில வந்திரிக்கீங்க. நான் வாக்குத் தரமாட்டன்.”

ஐயா என் பக்கம் குனிந்து, “எங்கட விதி தெரிஞ்ச டொக்டர்,” என்றார். பிறகு அவரிடமே, “எங்கட சபைக்கு நீங்கதான் ஆசாரியன்,” என்று சொல்லிக் காரணத்தையும் விளக்கினார். டொக்டர் நஸீமா சிரித்துவிட்டார். “என்ட வாப்பாக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்க பாதர்,” என்றார். முதல் மாதப் பொதியைத் தன் முன்னாலேயே குடிக்கச் சொன்னார். நான் தண்ணீர்க் கோப்பையைப் பிடித்தேன்.

வெளியே வந்ததும் ஐயா, “மகள், இது உங்கட கதை. நீங்க சொன்னாத்தான் வெளிய வரும். நானும் எஸ்தரும் வாய் திறக்கமாட்டம்,” என்றார். றூபி கை வைப்பதை நிறுத்தினாள். கேட்டு வந்தவர்களிடம் கையில் புண் என்றாள். சாமுவேல் அண்ணன் புண் ஆறும் நாளை விசாரித்துக்கொண்டே இருந்தார். பெரிய கூட்டம் ஒன்று வைத்து அவளை மேடையில் இருத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை.

சாட்சி ஞாயிறுக்கு முந்தின நாள் றூபி என்னிடம் வந்தாள். “புண் எண்டு சொல்றது அரைப் பொய் அக்கா. நாளைக்கு எழும்பப் போறன்.”

“கொஞ்சம் பொறு புள்ள. கை திரும்பட்டும்,” என்றேன். இருபத்தைந்து வருடமாக உண்மை சொல்லுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய் இது. குஷ்டம் என்ற சொல் அந்த ஆலயத்துக்குள் விழுந்தால் என்ன நடக்கும் என்று பயந்துவிட்டேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு எழும்பினாள். முன்னால் வந்து நின்று, “சாமுவேல் அண்ணன், உங்கட பேனையோட வாங்க,” என்றாள். அவர் சந்தோசமாகப் போனார். வலது கையை நீட்டிக் கண்ணை மூடினாள்.

“உள்ளங்கையில தொடுங்க அண்ணன்.”

அவர் தொட்டார். சனம் பார்த்துக்கொண்டிருந்தது.

“தொட்டாச்சா?”

“தொட்டிட்டன்.”

“எத்தினை தரம்?”

“மூண்டு தரம்,” என்றார். அவருடைய குரல் அவ்வளவு சிறிதாகி நான் கேட்டதில்லை.

றூபி கண்ணைத் திறந்து கையைச் சபைக்குக் காட்டினாள். “இதுக்குத் தொழுநோய் எண்டு பேர். எங்கட பழைய சொல்லில குஷ்டம். கிடாரம் சுடாதது வரம் இல்ல, வருத்தம். டொக்டருக்குக் காட்டிட்டன், மருந்து குடிக்கிறன். என்னால ஒருத்தருக்கும் பரவாது எண்டு டொக்டர் சொன்னவ. விறைச்சது தெரிஞ்சும் நான் மறைச்சன். முன்னுக்கு இருக்க எனக்கு ஆசையா இருந்தது. மன்னியுங்க.”

சொல்லிவிட்டு நடுப்பாதையால் கதவடியை நோக்கி நடந்தாள். ஒரு வாங்கிலும் அசைவு இல்லை. ஐயா எழும்பப் பார்த்தார், முழங்கால் விடவில்லை.

“றூபி, நில்லு,” என்றார் சாமுவேல் அண்ணன். பேனை இன்னும் அவர் கையில் இருந்தது. அறிவித்தல் தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தை மேசையில் போட்டார். “ஒரு வருசம் மருந்து. மாசத்துக்கு ஒருக்கா கிளினிக். துணைக்குப் போறது ஆர்? ஆடி மாசம் நான்.”

பிறகு ஒரு பெண் குரல், “ஆவணி எனக்குத் தாங்க.” திரும்பிப் பார்த்தால் வீரமுனையிலிருந்து வந்த ஒரு தாய். எங்கள் சபையில் அவள் பெயரே இல்லை. அதன்பின் எங்கள் ஆட்களுக்கு ரோசம் வந்துவிட்டது. புரட்டாதி நாங்கள், ஐப்பசி நாங்கள் என்று வாங்குக்கு வாங்கு எழும்பினார்கள். மார்கழிக்கு இரண்டு வீடு சண்டை பிடித்தன. நான் பங்குனியைப் பிடித்துக்கொண்டேன். றூபி நடுப்பாதையில் நின்றபடியே அழுதாள். ஒரு கிழவி அவளை இழுத்துத் தன் பக்கத்தில் இருத்தினார்.

எல்லோரும் அப்படி என்று சொன்னால் நான் பொய்க்காரி. ஒரு குடும்பம் மூன்று மாதம் ஆலயத்துக்கு வரவில்லை. நாலாம் மாதம் வந்தது, எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கிளினிக்கில் கையைப் பராமரிக்கும் முறையைச் சொல்லித் தந்திருந்தார்கள். உணர்வில்லாத கைக்குக் காயம் தெரியாது, ஆகவே வேறொருவரின் கண் வேண்டும். தினமும் காலை ஏழு மணிக்கு முறை வைத்து ஒருவர் போவோம். கையைத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் தடவி, மடிந்த விரல்களை ஒவ்வொன்றாக மடியில் வைத்து நிமிர்த்த வேண்டும். வெட்டு, கொப்பளம், முள் இருக்கிறதா என்று விரல் இடுக்கெல்லாம் பார்க்க வேண்டும். பிறகு அந்தக் கையைப் பிடித்தபடியே ஜெபம். மீன் வெட்டத் தடித்த கையுறையைச் சாமுவேல் அண்ணன் எங்கேயோ தேடிக் கொண்டுவந்தார். கை வைத்து ஜெபிப்பது என்றால் அதுவரை எங்களுக்குத் தலையில் ஒரு நிமிடம் வைக்கிற வேலைதான். ஒரு மனுஷியின் கையை இருபது நிமிடம் பிடித்திருக்கும்போது அவளோடு நிறையக் கதைக்க வேண்டிவருகிறது. பதினைந்து வருடம் அவளிடம் கேட்காததையெல்லாம் அந்த மாதங்களில் கேட்டோம்.

நாலு மாதம் ஒரு மாற்றமும் இல்லை. நரம்புக்குத் தந்த குளிசையால் அவளுடைய முகம் ஊதியிருந்தது. ஒரு காலை, “திரும்பாட்டி என்னக்கா செய்யிற?” என்று கேட்டாள். திரும்பும் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. பாண்டிருப்புத் தாயின் முகம் ஞாபகம் வந்து அதை விழுங்கினேன்.

“தெரியாது புள்ள. நாளைக்கும் வாறன்,” என்றேன்.

“வாங்க,” என்றாள்.

ஏழாம் மாதம் என்னுடைய முறை. எண்ணெய் தடவி முடித்து, அவள் கையைப் பிடித்து, கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, உங்கட நகம் கீறுது.”

“மன்னிச்சுக்க புள்ள,” என்று சொல்லிவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தேன். இரண்டு வசனம் போனபிறகுதான் அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு உறைத்தது. கண்ணைத் திறந்தால் அவளும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவுப் பெண் அகப்பையோடு ஓடிவந்தாள். மூன்று பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். ஏன் அழுகிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் எங்களோடு சேர்ந்து அழுதாள்.

ஐயாவுக்குப் போன் பண்ணினேன். “ஐயா, றூபிக்கு என்ட நகம் தெரிஞ்சது.” “காட்டிட்டு வாங்க,” என்றார். போனைக் கிணற்றுக்குள் எறியலாம் போல் இருந்தது.

டொக்டர் நஸீமா நைலோன் நூலால் பத்து இடத்தில் தொட்டார். பிறகு வேறு ஒழுங்கில் இன்னொரு முறை தொட்டார். பேனையை எடுத்தவர் எழுதாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார்.

“எட்டு,” என்றார். “சாட்சி சொல்லக்குள்ள பத்து எண்டு சொல்லிப்போடாதீங்க அக்கா.”

அந்தச் சாட்சி ஞாயிறு வாங்குகள் போதவில்லை. எட்டு என்றாள் றூபி. சின்ன விரல் நிமிரவில்லை, டொக்டர் அது நிமிரும் என்று சொல்லவில்லை என்றாள். இன்னும் ஐந்து மாதம் மருந்து இருக்கிறது என்றாள். விரலைத் தூக்கிக் காட்டி, “இதுவும் என்ட சாட்சிதான்,” என்றாள். ஐயா கண்ணாடியைக் கழற்ற மறந்து அப்படியே ஜெபித்தார். நாங்கள் பாடிய பாட்டுக்குச் சந்தைப் பக்கம் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் நின்றோம். சனத்தை விலக்கிக்கொண்டு ஒரு இளம் தாய் கைக்குழந்தையோடு வந்தாள். நடந்தது ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

“கை வைக்கிற அம்மா ஆர்?” என்று கேட்டாள்.

எல்லோருடைய கண்ணும் றூபியிடம் போனது. அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, “தொடட்டா மகள்?” என்று கேட்டுவிட்டு, வலது உள்ளங்கையைக் குழந்தையின் நெற்றியில் வைத்தாள். ஜெபம் தொடங்கும் என்று நாங்கள் தலையைக் குனிந்தோம். அவள் ஜெபிக்கவில்லை. கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள், மறுபடி நெற்றிக்குக் கொண்டுவந்தாள். எத்தனையோ பிள்ளைகளைத் தொட்ட அந்தக் கைக்கு ஒரு பிள்ளையின் சூடு தெரிந்தது அதுதான் முதல் தரம்.

“பிள்ளைக்கு மேல் நல்லாக் காயுது,” என்றாள். “எத்தினை நாள்?”

“மூணு நாள் அம்மா.”

“ஜெபத்த வழியில செய்வம். சாமுவேல் அண்ணன், ஆட்டோவ எடுங்க, ஆஸ்பத்திரிக்கு.”

குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, நெற்றியிலிருந்து கையை எடுக்காமலே, அவள் எங்கள் எல்லோருக்கும் முன்னால் நடந்தாள்.